கெட்ட காதுக்குத்தான் கருவி

ஜனவரி 20, செவ்வாய்

பனி. ஐந்தரை மணி பஸ் மலை இறங்கும்போது டிரைவருக்கே ரோடு தெரியவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன். ஒவ்வொரு ஹாரனும் இடது காதுக்குள் குத்தியது. ஒடுகத்தூரில் ஒரு டீ, அடுத்த பஸ், ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்பதே கால்.

இது ஆறாவது தடவை. காது இரைச்சலுக்கு வழி உண்டா என்று அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. மார்கழி பிறந்ததும் என்னைச் சேர்த்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்ட ஒரு கருவி. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் வரும். தினமும் இரைச்சலுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். எண் அந்த நோட்டுக்கு. திட்டு இந்த நோட்டுக்கு.

சேரும்போது 8. இன்று 5. மூன்று வருஷம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு போனேன்.

ஷாலினிதான் காது பரிசோதிப்பவள். சின்ன வயது. என் முகத்தைப் பார்த்து, வாய் திறந்து பேசுவாள், அதனால் பிடிக்கும். கண்ணாடி அறையில் டெஸ்ட் எடுத்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள்.

"அக்கா, இடது காது இன்னும் குறைஞ்சிருக்கு. பெரிய சத்தம் எதுலயாவது இருக்கீங்களா?"

"மில்லுலதாம்மா நிக்கறேன். வேற எங்க போவேன்."

"எந்த மில்லு? தொழிற்சாலை வேலை இல்லன்னுல்ல ஃபார்ம்ல இருக்கு."

ஆமாம், தொழிற்சாலையில் வேலையா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். எங்கள் குழு, பன்னிரண்டு பெண்கள், தகரக் கூரை போட்ட ஒரே அறை, சாமைக்கு உமி எடுக்கிற மெஷின் ஒன்று. அதைத் தொழிற்சாலை என்று யாராவது சொல்வார்களா? ஓட்டலுக்குப் போனால் இரைச்சல் தொந்தரவு செய்கிறதா, சினிமாவுக்குப் போனால் செய்கிறதா என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். மில்லுக்குப் போனால் என்று ஒரு வரி இல்லை.

விதியாம். தொடர்ந்து பெரிய சத்தத்தில் இருப்பவர்கள் ஆராய்ச்சியில் இருக்கக் கூடாது. அடுத்த செவ்வாய்க்குள் மில் வேலையை விட்டுவிட்டால் பெரிய டாக்டரிடம் பேசிப் பார்ப்பாளாம். இல்லையென்றால் கருவியைத் திருப்பித் தர வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் கருவியைக் கையில் பொத்திக்கொண்டே வந்தேன், யாரோ பிடுங்க வருவது போல.

ஜனவரி 21, புதன்

இரைச்சல் 6. கோபத்தில் ஏறியிருக்கும்.

மூன்று வருஷத்தில் இந்தக் காதுக்குள் போனவை:
– வெற்றிலைச் சாறு
– பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் (ஒரு வாரம் புண்)
– மெடிக்கல் கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்து, இரண்டு வகை
– கீழே ஒரு டாக்டர் சொன்ன "பழகிக்குங்க"

கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் எரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வுட்டுடு. மெஷின்ல செல்வி நிக்கட்டும்" என்றார். எவ்வளவு சுலபம். போன வருஷம் வரை, கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், "இன்னா, செவுடா நீ?" என்று ஊருக்கே கேட்கக் கத்தியவர்.

செல்வி என் ஓரகத்தி. அவர் தம்பி மனைவி. பக்கத்து வீடு. இருபத்து நாலு வயது. மில்லில் மூட்டை கட்டுகிறாள்.

குழுத் தலைவி காந்திமதியக்காவிடம் மத்தியானம் போனேன். கணக்கு நோட்டை மூடாமலே, "காது முக்கியம்டி. செல்விய நிக்க வெச்சிக்கறேன்" என்றாள். அவளும் அதே பெயரைத்தான் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். யாரும் செல்வியைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

மில்லுக்குப் போகாத முதல் நாள். துணி ஊற வைத்தேன். மொச்சை உரித்தேன். இரைச்சல் 5.

பத்து மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. நாலு வீடு தள்ளி இருந்தும் சுவர் அதிர்கிறது. இத்தனை நாள் உள்ளே நின்றதில் இது தெரியவில்லை.

சாயங்காலம் செல்வி உமித்தூசி தலையோடு வந்தாள். "எப்டி இருந்திச்சி?" என்றேன். "இன்னா?" என்றாள். இன்னொரு முறை கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, சுலுவாத்தான் இருக்குது" என்று சத்தமாகச் சொன்னாள். என் முதல் வருஷமும் இப்படித்தான். சாயங்காலம் சத்தமாகப் பேசுவேன், காலையில் சரியாகிவிடும். அப்புறம் ஒருநாள் சரியாகவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

டவர் கிடைக்கப் புளியமரத்து மேட்டுக்கு ஏறி ஷாலினிக்குப் போன் செய்தேன். செல்வி காதில் பஞ்சு வைத்துவிட்டேன், போதுமா என்று கேட்டேன்.

"பஞ்சு பத்தாதுக்கா. இந்தச் சத்தத்துக்குக் காதை முழுசா மூடுற மூடி வேணும். ஹெட்போன் மாதிரி இருக்கும்."

"உங்ககிட்ட இருக்குதா? ஒண்ணு குடும்மா."

"ஆராய்ச்சியில அதுக்கு இடம் இல்லக்கா. சேர்ந்தவங்களுக்குக் கருவி மட்டும்தான் கொடுக்க முடியும்."

சேர வேண்டுமானால் காது கெட்டிருக்க வேண்டும். கெட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கெட்ட காதுக்குக் கருவி உண்டு, நோட்டு உண்டு, பஸ் டிக்கெட்டுக்குக் காசுகூட உண்டு. நல்ல காதுக்கு ஒரு பஞ்சுகூட இல்லை.

போனை வைத்துவிட்டேன். அவளைத் திட்டி என்ன பயன். வேறு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது செருப்பு அறுந்தது. அதைத் திட்டினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

மெஷின் லீவு. நல்ல வெயில். செல்வி வாசலில் தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். என் கருவியைக் காட்டி, "ஒருவாட்டி போட்டுப் பாக்கட்டாக்கா?" என்றாள்.

விளையாட்டுக்கு என்று நினைத்து மாட்டிவிட்டேன். கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

"இதப் போட்டா அது கொஞ்சம் அடங்குதுக்கா."

"எது?"

தோளைப் பிடித்து உலுக்கினேன். தீபாவளியிலிருந்து ஙொய் என்று ஒரே சத்தமாம். வலது காது. மூட்டை கட்டுகிற இடம் மெஷினுக்கு ஐந்தடிகூட இல்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை?

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா வேலைக்கு வராதன்னுவாங்க. நீங்கதான் ஆஸ்பத்திரி போறீங்களே, உங்களுக்குச் சரியாச்சின்னா அப்புறம் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

"இந்தக் காத வெச்சிக்கினா மூணு நாளா மெஷின்ல நின்ன?"

"நீங்கதானக்கா வுட்டுட்டுப் போனீங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் முகத்தைக்கூட மறைக்கவில்லை, என்னையே பார்த்தாள். உள்ளே போய்ச் சமையல்கட்டில் நின்றேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. இன்று எண் எழுதவில்லை.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், ஸ்பீக்கர். அது முடிந்ததும் லீவு என்று பார்க்காமல் மெஷின் போட்டார்கள். வியாழக்கிழமைக்குள் லோடு போக வேண்டுமாம்.

நேரே போனேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். மெஷின் இழுத்து இழுத்து நின்றது. எட்டு பெண்கள், செல்வியும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

காந்திமதியக்கா: "இன்னாடி பண்ற? உனக்கு முடியல, வூட்டுல இருன்னு சொன்னேன் இல்ல?"

"எனக்கு மட்டும் இல்ல. செல்விக்கும் வந்துடுச்சி. இன்னும் யாருக்கெல்லாம் வந்திருக்குதுன்னு கேளு."

"மனு மேல மனு போட்டு வாங்கின மெஷினு. நீயும்தான கையெழுத்து போட்ட? இத மூடிட்டா மறுபடி உரல்ல குத்தறதா? அதுக்கு உன் தோளு வருமா?"

வராது. அதுதான் எரிச்சல். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரலில் குத்தி அம்மாவுக்குத் தோள் போனதைப் பார்த்தவள் நான். மெஷின் வந்த அன்று பூ போட்டுக் கும்பிட்டவளும் நான்தான்.

"மூட வேணாம். ஒருத்தியே நாள் முழுக்க நிக்க வேணாம். அரை மணிக்கு ஒருத்தி மாறலாம். மூட்டை கட்டறத வெளிய எடுத்துனு போலாம். நானும் நிக்கறேன்."

"நின்னா உன் கருவிய வாங்கிக்குவாங்க."

"வாங்கிக்கட்டும்."

சொல்லிவிட்டேன். ஐந்து வாரத் தூக்கம் அது.

மூலையில் இருந்த ராணி மெதுவாக, "எனக்கும் சாயங்காலமானா கேக்குதுக்கா" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. காந்திமதியக்கா தானே போய் ஒரு மூட்டையை வெளியே இழுத்தாள்.

ஜனவரி 27, செவ்வாய்

செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வாந்தி எடுத்தாள்.

பெரிய டாக்டர் இன்று நேரில். வயதானவர், கடுகடுப்பு இல்லை. மில்லை விட்டாச்சா என்று கேட்டார். வியாழக்கிழமையிலிருந்து நிற்கவில்லை, நாளையிலிருந்து நிற்பேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். ஷாலினி கண்ணால் கெஞ்சினாள்.

"அம்மா, இதுல குணமாயிடும்னு நான் சொல்லவே இல்ல. இரைச்சலை அடியோட நிறுத்துற மருந்து இன்னும் யார்கிட்டயும் இல்ல. இந்தச் சத்தம் எவ்வளவு உதவுதுன்னுதான் பாக்கிறோம். நீங்க மில்லுல நின்னா, எது கருவியால, எது மில்லாலன்னு எங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியுது சார். மருந்து இல்லன்றீங்க. அப்ப காது கெடறதுக்கு முன்ன எங்க மில்லுக்கு யாரு வரணும்?"

"அது வேற ஆராய்ச்சிம்மா."

"அது எந்த ரூமுல நடக்குது? சொல்லுங்க, அங்க போறோம்."

என் குரல் ஏறிவிட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அதற்காகவும் கோபம் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படி ஒரு அறை இங்கே இல்லை என்றார். மழுப்பவில்லை. அதற்காக மட்டும் ஒரு கும்பிடு.

செல்விக்கு டெஸ்ட் எடுத்தார்கள். கேட்பது குறைந்திருக்கிறது, ஆனால் ஆரம்ப நிலைதான். இப்போதே பாதுகாத்தால் மேலும் கெடாது என்றார். ஙொய் போகுமா என்று அவள் கேட்டதற்கு, தெரியாது என்றார்.

கருவியை மேஜையில் வைத்தேன். எண் எழுதிய நோட்டையும். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஷாலினி படி வரை வந்தாள். "சனிக்கிழமை எனக்கு லீவுக்கா. உங்க மில்லுக்கு எப்படி வரணும்?"

நம்பவில்லை. பஸ் நேரம் மட்டும் சொன்னேன்.

ஜனவரி 29, வியாழன்

லோடு போனது. இரண்டு மணி நேரம் தாமதம். லாரிக்காரன் திட்டினான். எனக்குப் பாதிதான் கேட்டது.

இரைச்சல் 8. எந்த நோட்டிலும் எழுத வேண்டியதில்லை, இருந்தாலும்.

வீட்டுக்காரர் மில் கூரைத் தகரத்துக்கு அடியில் பழைய சாக்குகளைத் தைத்துக் கட்டினார். அதிர்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். நன்றி சொல்ல மனம் வரவில்லை. குழம்பில் இரண்டு முட்டை சேர்த்துப் போட்டேன்.

ஜனவரி 31, சனி

வந்துவிட்டாள். பதினோரு மணி பஸ்ஸில், பை நிறைய. சத்தம் அளக்கிற மீட்டர் ஒன்று. தன் கைக்காசில் வாங்கிய காது மூடி நாலு.

மெஷின் ஓடும்போது உள்ளே கூட்டிப் போனேன். மீட்டரில் எண் சிவப்பாகி ஏறியது. அதை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வெளியே மூட்டை மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுதினாள். எங்கள் பன்னிரண்டு பேர் பெயரும், எத்தனை வருஷம், எந்த இடத்தில் என்பதும். பெரிய டாக்டரிடம் கொடுப்பாளாம். பலன் இருக்குமா என்றேன். "தெரியலக்கா. சும்மா இருக்க முடியல" என்றாள்.

செல்வி மூடியை மாட்டவில்லை. மல்லிகை நசுங்குகிறதாம். கழுத்தில் தொங்க விட்டுக்கொண்டு மெஷினில் நின்றாள். போய் அவள் தலையிலிருந்த பூவைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுவிட்டு, மூடியைக் காதில் வைத்து அழுத்தினேன். என்னை என்னவோ திட்டினாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

திங்கள்கிழமை ஒன்பது மூட்டை. முதல் அரை மணி என்னுடையது.