இசபெலா தீவுக்குப் படகில்

அன்பு மகளே,

குவாயாகிலில் இன்னும் மழை விடவில்லை. வரும் மாதம் உன்னைப் பார்க்கத் தீவுக்கு வருகிறேன். உன் மாமனார் வரமாட்டார். அவர் இப்போது மீனைக்கூடத் தொடுவதில்லை. வெறும் சோறும் வாழைக்காய் வறுவலும்தான்.

நேற்று பயண ஏற்பாடு செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ராட்சத ஆமை, கடல்சிங்கம், நீலக்கால் பறவை என்று படம் படமாக எடுத்து வைத்தாள்.

"கடல் இல்லாத பயணமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தீவுக்குப் போறீங்க சென்யோரா, கடல் இல்லாம எப்படி? அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"மகன் இருக்கான். வழிகாட்டியா வேலை பாக்குறான்." வாயில் அப்படித்தான் வந்தது.

"அப்ப அவரே எல்லாத்தையும் காட்டிடுவாரு. உங்களுக்கென்ன கவலை?"



நீ தொலைபேசியில் சொன்னபடி, சாந்தா குரூஸ் தீவில் இறங்கி அங்கிருந்து இசபெலாவுக்குச் சின்ன விமானத்தில் வருவதாகத்தான் இருந்தேன். சீட்டு எழுதும் நேரத்தில் "படகு" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உடல்கூடக் கிடைக்காத பிள்ளைக்கு நான் எந்தக் கல்லறையில் பூ வைப்பேன்?

நீயும் சாந்தா குரூஸுக்கு வந்துவிடு. என்னோடு அதே படகில் ஏறு. ஃபெர்மீனின் படகு கவிழ்ந்த இடம் உனக்குத் தெரியும். அங்கே வந்ததும் படகோட்டியிடம் எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல். எனக்குக் கேட்க வாய் வராது.

அவனுடைய அம்மா