நீர் சொன்ன பெயர்

இன்று பள்ளிக்கூட வாசலில் இரண்டு பொடியன்கள் தங்களுக்குள் அடிபட்டதில் ஒருவனுக்கு மூக்கு உடைந்துவிட்டது. சுடுதண்ணீரில் பிளீச்சைக் கலந்து நடைபாதையில் ஊற்றித் தேய்த்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியது. அன்று உம்முடைய கையிலிருந்து ஓடிய இரத்தத்தையும் அதே வாசலில், அதே மணத்தோடுதான் கழுவினார்கள். நீர் நோயில் கண்மூடி ஆண்டுப் பூசைகூட இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்தேன், சமையல் ஓடவில்லை, உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பக்கத்துக் கவுன்சில் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். செம்மஞ்சள் மேலங்கி, கழுத்தில் ஒரு விசில். நான் தொண்டை கிழியக் கத்துவேன். நீர் ஒன்றும் பேசாமல் பார்ப்பீர், உம்முடைய வரிசை நேராக நிற்கும். "நீர் கத்தக் கத்த அதுகளுக்கு விளையாட்டு. சும்மா நிண்டு பாரும்" என்பீர். மன்னார்க் கழுதைக்கும் மன்னார்ப் பெண்ணுக்கும் பிடிவாதம் ஒன்றுதான் என்று நான் சொன்னால், யாழ்ப்பாணத்துக்காரிக்கு வாய் மட்டும்தான் என்று திருப்பித் தருவீர். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நிற்பதும் எங்கள் வேலைதான்.

அந்த வெள்ளிக்கிழமையும் நின்றோம். யாரோ யாரையோ முறைத்துப் பார்த்தானாம். அதற்காகத் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு காரில் பொடியன்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பொடியன்கள் சந்தில் காத்திருந்தார்கள். எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். போரில் செல்லடிக்குத் தப்பி வந்த தாய் தகப்பன் இரவு பகலாக வேலை செய்து வளர்த்த பிள்ளைகள், கிரிக்கெட் மட்டையால் ஒருவன் மண்டையை ஒருவன் பிளந்தார்கள். மட்டை எலும்பில் படுகிற சத்தம் விறகு கொத்துகிற மாதிரித்தான் இருந்தது. சின்னப் பிள்ளைகளை நான் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். திரும்பினால் நீர் வெளியே நிற்கிறீர்.

ஒருவன் நிலத்தில் கிடந்தான். முகத்தை மூடிய ஒருவன் அவன்மேல் குனிந்து குத்திக்கொண்டிருந்தான். நீர் ஓடிப்போய் அவன் சட்டைத் தொப்பியைப் பிடித்து இழுத்தீர். அவன் திரும்பிப் பாராமலே கத்தியை வீசினான். உம்முடைய வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை திறந்துகொண்டது. முகத்தை மூடியிருந்த துணி நழுவியது. அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தோம். "அம்மா" என்றான். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். நீர் வீட்டில் மீன் வெட்டுகிற கத்தி அது. எத்தனை நாள் உம்முடைய குசினியில் நான் அதைக் கழுவி வைத்திருக்கிறேன்.

நீர் மகனுக்குப் பின்னால் ஓடவில்லை. மேலங்கியைக் கழற்றிச் சுருட்டி, கிடந்தவன் வயிற்றில் வைத்து முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினீர். உம்முடைய இரத்தமும் அவன் இரத்தமும் ஒன்றாக ஓடின. "கண்ணை மூடாதை ராசா, என்னைப் பார்" என்று அம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தீர்.

ஆஸ்பத்திரியில் உமக்குத் தையல் போட்டு முடியவில்லை, உம்முடைய காலஞ்சென்ற கணவரின் தமையன் வந்துவிட்டார். "விழுந்து கண்ணாடி வெட்டினது எண்டு சொல்லு பிள்ளை. ஆரும் ஒண்டும் காணேல்லை. தானாடாட்டிலும் தன் தசை ஆடும்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். வாசலில் நின்ற அத்தனை பேரும் பொலிஸிடம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் காணவில்லை என்றுதான் சொன்னார்கள். நீர் வாயைத் திறக்காவிட்டால் உம்முடைய பிள்ளை அன்றிரவு உம்முடைய வீட்டில்தான் படுத்திருப்பான்.

நீர் என் பக்கம் திரும்பினீர். "அந்தப் பொடியன்ரை தாய் எங்கை?" என்று என்னைக் கேட்டீர்.

அவள் வெளியே கதிரையில் இருந்தாள். சுப்பர்மார்க்கெட் உடுப்போடு, வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். நீர் அவள் முன்னால் போய் நின்று, "என்ரை மகன்தான் உங்கடை பிள்ளையைக் குத்தினவன்" என்றீர். அவள் எழும்பி உம்முடைய கன்னத்தில் அறைந்தாள். அடுத்ததும் விழுந்தது. உம்முடைய உதடு வெடித்தது. நான் அவள் கையைப் பிடித்து முறுக்கினேன்.

"விடும். அவ அடிக்கட்டும்."

விட்டேன். அவள் கை ஓயும்வரை அடித்தாள். பிறகு நீர் அங்கே நின்ற பொலிஸ்காரியிடம் திரும்பி மகனின் முழுப் பெயரையும் பிறந்த நாளையும் சொன்னீர். உமக்கு இங்கிலிஷ் தடுமாறும் என்று நான் உதவிக்கு நின்றேன். பெயருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? அன்றே அப்டன் பார்க்கில் ஒரு சிநேகிதன் வீட்டில் வைத்து அவனைப் பிடித்தார்கள். குத்துப்பட்டவன் குடலில் ஒரு துண்டைப் பறிகொடுத்து உயிர் தப்பினான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. உம்முடைய யன்னலுக்குச் செங்கல் வந்தது. கதவில் 'துரோகி' என்று பெயின்ற்றால் எழுதினார்கள். அந்தச் சொல்லின் பாரம் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. போர்க்காலத்தில் ஊரில் உம்முடைய அண்ணையைச் சுட்டு மின்கம்பத்தில் கட்டியவர்கள் அதைத்தான் அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு போய் அதைப் பார்த்தவள் நீர். இரும்பு நாரால் கதவைத் தேய்த்தபடி, "அண்ணை ஒண்டும் சொல்லாமல் செத்தவர். நான் சொல்லிப்போட்டு உயிரோடை இருக்கிறன்" என்றீர். எனக்கு அழுகை வந்தது. உமக்கு வரவில்லை.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரம், ஒரு தலைகூட உம்முடைய பக்கம் திரும்பவில்லை. நான் முன்வாங்கில் இருந்த மனிசியின் முதுகில் கைப்பையால் இடித்து, "சமாதானம் சொல்லுங்கோ" என்றேன். பயத்தில் சொன்னாள். நீர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினீர். அந்தக் கிழமை முழுவதிலும் நீர் சிரித்தது அப்போதுதான்.

அவனைச் சிறையில் போட்டார்கள். மறியலுக்கு உம்மோடு நானும் வருவேன். அவன் உம்மைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்புவான். நீர் தேத்தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் முடியும்வரை வெறுங்கதிரைக்கு முன்னால் இருந்துவிட்டு வருவீர். ஒருநாள் திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சொன்னனீர்?" என்று கேட்டுவிட்டேன்.

"கண்டது நான். கண்டும் வாயை மூடினால், அவன் குத்தினது நானும் குத்தினது" என்றீர்.

அடுத்த வருடம் ஒருநாள் அவன் அந்தக் கதிரையில் வந்து இருந்தான். மேசையையே பார்த்துக்கொண்டு, "கை எப்பிடி?" என்றான். "ரெண்டு விரல் மடங்காது. மற்றதெல்லாம் ஏலும்" என்றீர். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் கதைத்தீர்கள்.

அவன் தண்டனை முடிந்து வெளியே வந்து, வருத்தம் வந்து படுக்கையில் கிடந்த உம்மைப் பார்த்தான், குளிப்பாட்டினான், சவப்பெட்டியையும் தூக்கினான். எல்லாம் சரிதான். ஆனாலும் அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. உம்முடைய கை பிளந்ததைப் பார்த்த கண் இது. உம்மைப்போல் பெரிய மனசு எனக்கில்லை, கோபம்தான் இருக்கிறது, அதை இன்னும் கையில்தான் வைத்திருக்கிறேன். அவனோ ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறான். வராதே என்று நானும் சொல்வதில்லை. நீர் பெற்ற பிள்ளை.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தானாகவே சொன்னான்: "உள்ளை இருக்கேக்கை பொடியள் கேட்டவங்கள் அன்ரி, ஆர் உன்ரை பெயரைக் குடுத்தது எண்டு. தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். வெக்கமா இருந்தது."

"இப்ப கேட்டால்?" என்றேன்.

"அம்மா எண்டு சொல்லுவன். ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

எனக்கு உம்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு சொல்லைக் காதால் கேட்க, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் நீர்.