அவளுக்குக் காது கேக்குது, அக்கா

என் உயிரான செல்லமக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகுது. மழை பெய்தது, பருத்தி வெடித்தது. என் வீட்டுக்காரரின் அண்ணாச்சிக்கு மட்டும் இன்னும் வெட்கம் வரவில்லை.

ராசாத்திக்கு அப்போது இரண்டு வயது. என்னைப் பார்க்கக் கயத்தாற்றிலிருந்து நீ இடைசெவலுக்கு வந்திருந்தாய். என் மகள் மூலையில் உட்கார்ந்து செம்பு மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாய், திரும்பவில்லை. பக்கத்து அறையில் மிட்டாய்த் தாளை மெல்லப் பிரித்தாய், ஓடி வந்தாள். உன் முகத்தைப் பார்க்காமல், கரண்டியைப் பிடிப்பதுபோல் உன் கையைப் பிடித்து மிட்டாய்ப் பக்கம் இழுத்தாள்.

"ஏட்டி, இவளுக்குக் காது நல்லா கேக்குது. வேணுங்கிறத விரல் நீட்டிக் காட்டுதாளா? நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிக்காளா?" என்றாய்.

"உங்க அக்கா எந்த ஊர்ல டாக்டருக்குப் படிச்சா?" என்று அண்ணாச்சி சிரித்தார். மாடு ஒரு வேளை தீவனம் தின்னாவிட்டால் வைத்தியரைத் தேடி ஓடுகிற மனிதர்! பிள்ளையை ஒருநாள் மடியில் வைத்ததில்லை. பேய் பிடித்திருக்கு என்று வேப்பிலையால் அடிக்க ஒருத்தனைக் கூட்டிவந்தார். நீ அவளைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாய்.

மதுரை டாக்டர் நோய்க்குப் பேர் எதுவும் சொல்லவில்லை. செவிடும் இல்லை, பேயும் இல்லை, மருந்தும் கிடையாது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசிப் பழக்குங்கள் என்றார். காய்ச்சலில் விழும்வரை நீ வந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாய்.

போன வாரம் கம்பங்காட்டில் இறங்கிய கிளிகளை ராசாத்தி விரல் நீட்டிக் காட்டினாள், அக்கா. காட்டிவிட்டு, நானும் பார்க்கிறேனா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அண்ணாச்சி டீக்கடையில் சொல்லித் திரிகிறார்: "எனக்கு அப்பமே தெரியும். நாந்தான் மதுரைக்கு அனுப்புனேன்." கூசாத நாக்கு.

இப்போது அவருடைய பேரனும் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேசிக்கொண்டிருந்த இரண்டொரு சொல்லும் நின்றுபோச்சு. "ஆம்பளப் பிள்ள பையத்தான் பேசும்" என்கிறார், எல்லாம் தெரிந்த பெரியவர்!

நேற்று அவர் மருமகள் புறவாசல் வழியாக வந்து அழுதாள். "சின்னத்தை, மதுரைக்குப் போகணும். மாமா வைவாவ."

"வையட்டும். புதன்கிழமை காலையில பிள்ளையத் தூக்கிட்டு வா. கேட்டா நான் பதில் சொல்லுதேன்" என்றேன்.

சொல்வேன், அக்கா. தெருவே கேட்கும்படி சொல்வேன். அந்தப் பிள்ளை முன்னாலும் தரையில் உட்காருவேன், அது என் முகத்தைப் பார்க்கிறவரைக்கும்.

உன் கூடப்பிறந்தவள்,
மாரியம்மா