முன்பக்கம் மாறிய ஜூனிபர்

விருதுநகர், 2006

பிப். 3, வெள்ளி
காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். மாவு அரைக்க, சிலிண்டருக்குச் சொல்ல, உ. பருப்பு 1 கி., மரத்தைப் படம் எடுக்க.

ஜும்மா முடிந்ததும் சவுதியிலிருந்து அவர் ஃபோன். என்னை விசாரித்தது ஒரு நிமிஷம், ஜூனிபரை விசாரித்தது நாலு நிமிஷம். கல்யாணமான வருஷம் கொடைக்கானலில் வாங்கிய செடி, இப்போது முற்றத்துத் தொட்டியில் முழங்கை உயர போன்சாய்க் கிழம். கீழ்க்கிளை மஞ்சளாகுது என்றேன்.

"நீ கை வைக்காத. நான் வந்து வெட்டுறேன்."

நாலு வருஷமாக இதே பாட்டு. இவர் லீவு தள்ளிப்போகிற சங்கதியை மரத்துக்கு யார் சொல்வது?

நான் படம் எடுத்து அனுப்பணும். அவர் அதில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். கோடு போட்ட இடத்தில் வெட்டணும். எங்கள் கடிதப் போக்குவரத்தே அதுதான். படமும் ஹாலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுக்கணும். மரத்துக்கு அதுதான் முன்பக்கமாம். எதிரே அடுப்படி ஜன்னலில் எனக்குத் தெரிவது முதுகு. இருபது வருஷமாக முதுகு.

பிப். 5, ஞாயிறு
படம் எடுக்கப் போய், மஞ்சளான கிளையை விலக்கிப் பார்த்தால் உள்ளே கம்பி. கிளையை வளைக்கப் போன லீவில் அவர் சுற்றியது. "ஆறு மாசத்துல வந்து அவுத்துருவேன்" என்றவர். பட்டை கம்பியை முழுங்கிவிட்டது. இழுத்தால் வரவில்லை.

வந்ததே கோபம். படம் எடுக்கவில்லை. ரம்பத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. நல்லது.

பிப். 6, திங்கள்
ரம்பம் அரிசி டின்னுக்குப் பின்னால். வெட்டினேன். முதலில் அந்தக் கிளை. அப்புறம் கை நிற்கவில்லை. உச்சியில் ஒரு சாண் போச்சு. காய்ந்த குச்சி ஒரு முறம். முற்றம் முழுக்க பென்சில் சீவிய வாசம். லீவு நாளில் அவர் கையில் இருக்கும் வாசம். கையைக் கழுவாமலே அடுப்படிக்குப் போனேன்.

சாயங்காலம் தம்பி அன்வர் வந்தான், தாயில்பட்டி மத்தாப்புக் கம்பெனியிலிருந்து.

"ஏக்கா, என்னத்தப் பண்ணி வச்சிருக்க! கோழிய உரிச்ச மாதிரி இருக்கு. மச்சான் வந்தா பேயாட்டம் ஆடுவாக."

"வரட்டும். வந்து ஆடட்டும்."

மிச்சக் கிளையை வளைக்கக் கம்பி கேட்டேன். "எங்ககிட்ட இல்லாத கம்பியா? எம்புட்டு வேணும்?"

பிப். 8, புதன்
நேற்று மத்தாப்புக் கம்பியைச் சுற்றினேன். இரும்பு இரும்புதானே. வளைத்த இடத்தில் நிற்காமல் விறைத்து நிமிர்ந்து பட்டையைக் கிழித்தது. தண்ணீர் பட்டு இன்றைக்கே துரு. பட்டாசு ஊர்ப் புத்தி, கம்பி என்றாலே மத்தாப்பு. துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் பழைய செம்புக் கம்பி வாங்கி, அடுப்பில் சிவக்கக் காட்டி ஆறவிட்டேன். நூலாக இளகியது. அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவரை விட்டுவிட்டு எனக்கு என்னதான் தெரியும்? எரிச்சல்.

வெட்டிய கிளையில் ஒரு விரல் நீளம் விட்டு, பட்டையை உரித்துவிட்டேன். அவர் கம்பி அந்தக் கட்டையில் பதிந்து அப்படியே இருக்கிறது. பிடுங்க மனசில்லை.

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவர் பக்கம் காயம்தான் தெரிகிறது. அடுப்படிப் பக்கம் அழகு. இனி அதுதான் முன்பக்கம்.

பிப். 10, வெள்ளி
ஃபோன்.

"மரம் எப்படி இருக்கு?"

"வெட்டிட்டேன்."

அங்கே டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்.

"எம்புட்டு?"

"பாதி. நீங்க கம்பி சுத்துன கிளையும் போச்சு."

"படம் எடுத்து அனுப்பு."

"மாட்டேன். பாக்கணும்னா வாங்க. எனக்கும் உங்களப் பாக்கணும் போல இருக்கு."

இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டதே இல்லை. ஃபோனை வைத்துவிட்டு முகம் கழுவினேன். மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப். 13, திங்கள்
வெள்ளி இல்லாத நாளில் ஃபோன். பதறிப்போய் எடுத்தேன்.

"லீவு எழுதிக் குடுத்துட்டேன். இந்தத் தடவ நெசமாவே."

மூணு தடவை கேட்ட நெசம். நம்பவில்லை. மரம் இன்னும் பச்சைதான். பிழைக்குமா என்று தெரிய மாசக்கணக்காகும். தண்ணீர் தெளித்தேன். அவர் நாற்காலியைத் தூசி தட்டி, தூக்கிக்கொண்டு போய் அடுப்படி ஜன்னலோரம் போட்டேன்.