முழங்கை தாங்கிய சூடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, போட்டோவைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், இந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். என் மூட்டுவலி என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. போனில் சொல்ல முடியாமல்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், நாற்றெல்லாம் எப்படி என்று நீ கேட்டதும் எல்லாம் ஜோரா இருக்கு என்கிறாள். ஜோராக இல்லை கண்ணு. அம்மாவின் நாற்றுப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று சொன்னாயே, ஆபீசில் வேலையை விடுவதாக இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. ஏன் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன், நடுவில் பதறாதே.

நம்மிடம் திராட்சை நாற்று வாங்கிச் சரிவு நிலத்தில் தோட்டம் போட்டாரே ஒரு தபால்காரர், அவருடைய கொடிகள் நாலாம் வருஷம், நன்றாகக் காய்க்க வேண்டிய நேரத்தில், ஒவ்வொன்றாக வாடத் தொடங்கின. இலை நரம்புகளுக்கு நடுவே புலிவரி போல மஞ்சள், அப்புறம் கொடியே காய்ந்துபோகிறது. ஒரு கொடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொட்டகை மேசையில் வைத்தார். சண்டை போடவில்லை, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாங்க, தண்ணி ஜாஸ்தியாயிடுச்சா என்று கேட்டார். சண்டை போட்டிருந்தால் உன் அம்மா தாங்கியிருப்பாள். தண்டைக் குறுக்கே அறுத்தோம், வெளியே நல்ல பட்டை, உள்ளே பென்சில் முனையால் குத்திக் குத்தி வைத்த மாதிரி வட்டமாகக் கரும்புள்ளிகள், சற்று நேரத்தில் அவற்றிலிருந்து தார் போல ஒன்று கசிந்தது.

ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினோம், உன் வயதில் ஒரு பெண் வந்தாள். இது தண்டுக்குள் வாழும் பூஞ்சை, தபால்காரர் தோட்டத்தில் பிடித்ததல்ல, நாற்றோடு நம் பண்ணையிலிருந்தே போயிருக்கிறது என்றாள். ஒட்டுக் கட்டுவதற்காக வெட்டும் குச்சிகளை எல்லாம் ஒரே தொட்டியில் ஊறப்போடுவோமே, அதில் ஒரு குச்சியில் பூஞ்சை இருந்தால் போதுமாம், தண்ணீர் வழியாகவும் கத்தி வழியாகவும் மற்றதற்கும் போய்விடும். நான் வாத்தியாராக இருந்தபோது, வகுப்பில் ஒருவன் போட்ட தப்புக் கணக்கைப் பார்த்துப் பின்பெஞ்சு முழுவதும் எழுதிவைத்தால் தாளைத் திருத்தும்போது நான் பிடித்துவிடுவேன். இது தாளில் தெரியாத தப்பு. நாற்று பச்சைப்பசேல் என்று துளிர்க்கும், வாங்குகிறவர் சந்தோஷமாக வாங்கிப் போவார், அவருக்கு மார்க் தெரிய வருஷங்கள் ஆகும்.

இதைத் தடுக்கத்தான் குச்சிகளை நல்ல வெந்நீரில் அரைமணி வைத்து, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்ற வேண்டும். அம்மா அதைத் தவறாமல் செய்துவந்தாள். எப்படிச் செய்வீங்க, ஒரு தடவை காட்டுங்க என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா தண்ணீரைச் சுட வைத்தாள், கைக்குழந்தையாக இருந்த உன்னைக் குளிப்பாட்டப் பார்ப்பது போலவே முழங்கையை முக்கிப் பார்த்து, இப்ப பதமா இருக்கு என்று குச்சிகளை இறக்கினாள். சுவரில் வெப்பமானி சும்மா தொங்குகிறது. முதல் வருஷம் அதைப் பார்த்துச் செய்தபோது ஒரு கட்டுக் குச்சிகளின் மொட்டுகள் வெந்துபோயினவாம், அதிலிருந்து அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது, குச்சிகளுக்குச் சுட்டுவிடக் கூடாதே என்று இத்தனை காலம் இப்படித்தான் செய்திருக்கிறாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, கை தாங்குற சூட்டைப் பூஞ்சையும் தாங்கிடும்மா என்றாள். நம் ரேடியோ, அதுதான் ஒட்டுக் கட்டுகிற பெரியவர், வாயைத் திறக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பூஞ்சை தண்டுக்குள் போன பிறகு மருந்து கிடையாது. குச்சி வெட்டும் தாய்க்கொடி வரிசைகளையும், அனுப்பத் தயாராக நின்ற இந்த வருஷத்து நாற்றுகளையும் பிடுங்கி எரிக்க அம்மாதான் முடிவு செய்தாள். ரேடியோ கெஞ்சினார், அக்கா, பச்சையா நிக்குது, நாம சொல்லலைன்னா எந்தக் கொம்பனுக்குத் தெரியும், இந்த ஒரு வருஷம் வித்துட்டு அப்புறம் சுத்தமா ஆரம்பிக்கலாம் என்று. தபால்காரர் கேட்டதை இன்னும் எத்தனை பேர் வந்து என்கிட்ட கேக்கணும்ங்கிறீங்க என்றாள் அம்மா. வாங்கிப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவளே போனாள், நானும் கூடப் போனேன். ஒருவர் முகத்தில் அடித்தது போலக் கதவைச் சாத்தினார். ஒரு பெண்மணி கத்தரியை எடுத்துவந்து, எங்க வெட்டணும்னு காட்டுங்க என்றார், கறை இல்லாத இடம் வரை தண்டை வெட்டி அடித்தளிரை வளர்த்தால் சில பிழைக்கும் என்று அம்மா காட்டிக்கொடுத்தாள், வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

நிலம் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. நோயில்லாத தாய்க்கொடி நட்டு அது குச்சி கொடுக்கும் அளவு வளர வருஷங்கள் பிடிக்கும், அதற்கு அவளுக்குத் தெம்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. டிவி பார்க்கும்போது அவளுடைய வலது கட்டைவிரல் கத்தியை இழுப்பது போலத் தானாக அசைகிறது. என் பென்ஷன் இருக்கிறது, பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பித்துவிடாதே. உங்களுக்காக மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள், குட்டிக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு அலமாரி அடிக்கத் தச்சரையும் வரச் சொல்லியிருக்கிறாள். நீ வந்து எடுத்து நடத்த எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் வராதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டு, இப்போதைக்கு வேலையை விடவில்லை, லீவில் மட்டும் வருகிறேன் என்று முதலில் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம், அவள் கேட்க மாட்டாள். மூவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் நிறைவாக வாழுங்கள், குட்டியின் பொக்கை வாய்க்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நீ சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள், லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே.

என்றும் உன் அன்புள்ள
அப்பா