இடப்பக்கப் பற்கள்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நம் ரம்பக் கடையும் நலம்தான், ஷட்டர் மட்டும் துருப்பிடித்துக் காலையில் தூக்கும்போது தெருவையே எழுப்பிவிடுகிறது. நீங்களும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அரைப் பக்கக் கடிதத்தில் அது ஒரு வரி, மீதியெல்லாம் மெஷின். எழுத்து வேறு கோழி கிண்டியது போல இருக்கிறது. அப்பா அம்மாவுக்குக் கடிதம் போடுகிறாரா, கம்பெனிக்குக் கொட்டேஷன் கேட்கிறாரா என்று மகள் கேட்டாள். நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே கார்பரேட்டரைச் சுத்தம் செய்வது எப்படி என்றுதான் எழுதியிருந்தார், அதுதான் அவருடைய அன்பு என்று சொன்னேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

போனில் பேசலாம் என்றால் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மலையில் லைன் போய்விடுகிறது. அதனால் பார்சல் லாரிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கேள்விக்கு வருகிறேன். தொழில்முறை சங்கிலி ரம்பத்துக்கு, நடுத்தர மெஷினைப் போல இரண்டு மடங்கு விலை கொடுப்பது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொந்தமாகத் தொழில்முறை மெஷின் வைத்திருப்பவர்களை மேஸ்திரி நிரந்தரக் குழுவில் சேர்த்துக்கொள்வாராம். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. புயலில் மின்கம்பிமேல் சாய்ந்த மரங்களை அறுத்து முடித்ததும் அடுத்த வண்டியில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதருக்கு எதற்கு நிரந்தரக் குழு?

இருக்கட்டும். முதலில் கடைக்காரியாகப் பதில் சொல்கிறேன். தொழில்முறை மெஷினின் உடம்பு உலோகம். நடுத்தரத்தில் முக்கால்வாசி பிளாஸ்டிக். இருந்தும் தொழில்முறை மெஷின்தான் எடை குறைவு, இழுவை அதிகம். பழுதானால் எந்தப் பாகத்தையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். நடுத்தர மெஷினில் ஒரு சின்ன வளையத்தை எட்டுவதற்குப் பாதி மெஷினைப் பிரிக்க வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது என் வாயில் நல்ல வார்த்தை வராது என்பது தெருவுக்கே தெரியும். இவ்வளவும் உண்மை. ஆனால் காலை முதல் மாலை வரை, வருஷக்கணக்கில் அறுப்பவருக்குத்தான் இதெல்லாம் காசு. எப்போதாவது அறுப்பவருக்கு அலங்காரம்.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் பட்டுப்போன ஒரே ஒரு மரம். அதை வெட்டக் கடையிலேயே பெரிய மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உங்கள் மரத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி டாக்டர் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "இருக்கட்டும்மா, நல்லதா ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மரம் விழுந்தது. மெஷினைத் துடைத்து, கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் சுவரில் மாட்டிவிட்டார். பல்வலி என்று வருகிறவர்கள் நிமிர்ந்து அதைப் பார்த்ததும் வலி போய்விட்டது என்று கிளம்பிவிடுகிறார்களாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. சீக்கிரம் வந்துவிடுவீர்கள் என்றால் நடுத்தர மெஷினே தாராளம். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு காசும் வீண். வருஷக்கணக்கில் அங்கேதான் என்றால் தொழில்முறை மெஷினை வாங்குங்கள். அதாவது நீங்கள் என்னிடம் மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை, எவ்வளவு காலம் வராமல் இருக்கலாம் என்று கேட்கிறீர்கள். போன கடிதத்திலும் எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தேன். அங்கே குளிர் அதிகம் என்று பதில் எழுதினீர்கள். என் காதில் பூ சுற்ற வேண்டாம்.

கையில் இருக்கும் மெஷின் சூடாகிறது, இழுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதை லாரியில் ஏற்றி எனக்கு அனுப்புங்கள். பிஸ்டன் ரிங் மாற்றித் தருகிறேன், புதியது வாங்கும் எண்ணமே போய்விடும். செயினையும் கழற்றாமல் அப்படியே அனுப்புங்கள், அரம் போட்டுத் தருகிறேன். உங்கள் அரம் போடும் அழகுதான் எனக்குத் தெரியுமே. செயினில் ஒரு பல் இடம், அடுத்த பல் வலம் என்று மாறி மாறி இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டாமா? உங்கள் வலது கைக்கு வலப்பக்கப் பற்கள்மேல் என்ன கோபமோ, அவற்றை மட்டும் குட்டையாக்கிவிடுவீர்கள். அப்புறம் அறுப்பு நேராகப் போகாமல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். அப்படி நீங்கள் அறுத்துக் கொடுத்த அடுப்படி ஸ்டூல் இன்றைக்கும் ஆடுகிறது. மகள் அதன் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறாள். அப்பா வந்து சரிசெய்வார் என்று எடுக்காமலே வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரி

*

அன்புள்ளவருக்கு,

மெஷின் வந்து சேர்ந்தது. ரிங் மாற்ற வேண்டும் என்றுதான் மேஜைமேல் தூக்கி வைத்தேன். இன்னும் ரிங்குக்கே போகவில்லை.

முதலில் பின்கைப்பிடியைப் பார்த்தேன். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறீர்கள். மகளின் கணுக்கால் அளவுக்குத் தடித்திருக்கிறது. இறுக்கிப் பிடிக்க முடிகிறவர் எதற்குக் கைப்பிடியைத் தடிமனாக்க வேண்டும்? குளிருக்காக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு செயினைக் கழற்றினேன்.

வழக்கம்போல உங்களைத் திட்டத் தயாராகத்தான் பல்லைத் தடவிப் பார்த்தேன். வலப்பக்கப் பற்கள் நெட்டையாக இருந்தன. இடப்பக்கப் பற்கள்தான் குட்டை. செயினைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எத்தனை வருஷமாக உங்கள் செயினுக்கு அரம் போடுகிறேன், ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை. வேறு யாரோ தேய்த்ததோ என்று பார்த்தால் கடைசியில் லேசாக மேலே தூக்கி இழுக்கும் அந்த இழுப்பு உங்களுடையதுதான். கை மட்டும் மாறியிருக்கிறது.

நீங்கள் இடது கையால் அரம் பிடிக்கிறீர்கள்.

அந்த ஆடும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மெஷினுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குஷன்களைப் பார்த்தேன். இரண்டு கிழிந்து தொங்குகின்றன. உலோகம் உலோகத்தில் இடித்து அந்த அதிர்வு முழுவதும் நேராக உங்கள் கைக்குள் போயிருக்கிறது. தொழில்முறை மெஷினில் ரப்பருக்குப் பதில் ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். போன கடிதத்தில் உலோக உடம்பு, எடை, இழுவை என்று அவ்வளவும் எழுதிய நான் இதை எழுதவில்லை. எனக்கு அது ஒரு பாகம், அவ்வளவுதான். அதைப் பிடிக்கும் கையை நான் கணக்கில் வைக்கவே இல்லை.

லாரிக்காரரைப் பிடித்து உட்காரவைத்தேன். முதலில் ஒன்றும் தெரியாது என்று மழுப்பினார். நான் விடவில்லை. "அண்ணன் டீ குடிக்கிறப்ப கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாருக்கா. காலையில விரலெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருக்கும். குளிர்தான்னு சொன்னாரு, நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார். நீங்கள் குளிர் என்று எழுதியதை நானும்தான் நம்பினேன். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது என்று கிண்டல் வேறு செய்தேன். அந்த அரைப் பக்கத்தை எழுத எவ்வளவு பாடுபட்டீர்களோ.

நம் கடைக்கு வரும் மரவெட்டி 'அவசரம்' இருக்கிறாரே, எப்போது வந்தாலும் அவசரம்மா அவசரம்மா என்று வாசலிலேயே நின்று கத்துவாரே, அவருக்கும் மெஷின் அதிர்வில் விரல் வெளுத்து இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அவரால் ஒரு நாணயத்தைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை. பர்ஸை மேஜைமேல் கவிழ்த்து, நீங்களே எடுத்துக்குங்கம்மா என்கிறார். சட்டைக்குப் பொத்தான் போடுவது அவர் மனைவி. உங்களைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் அவசரப்படவில்லை. "ஆரம்பத்துலயே விட்டுருந்தா இதோட நின்னிருக்கும்னு டாக்டர் சொன்னாரும்மா. நான்தான் இன்னும் ஒரு சீசன், இன்னும் ஒரு சீசன்னு போயிட்டேன். அவரை வரச் சொல்லுங்க" என்றார்.

கடைக்காரியாக இன்னொரு முறை பதில் சொல்கிறேன், இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தினமும் அறுப்பவருக்குத் தொழில்முறை மெஷின் கட்டாயம் தகும். மெஷின் அதிக நாள் உழைக்கும் என்பதற்காக இல்லை, பிடிக்கிற கை அதிக நாள் உழைக்கும் என்பதற்காக. ஆனால் வெளுத்துப்போன விரலுக்கு எந்த மெஷினும் மருந்து இல்லை. எவ்வளவு விலை கொடுத்தாலும் உங்களுக்கு இனிமேல் அது தகாது.

இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நேராகக் கிளினிக்குக்குப் போனேன். பல் டாக்டரிடம் அந்த மெஷினைக் கொடுங்கள், நல்ல நடுத்தர மெஷின் ஒன்று தருகிறேன், உங்கள் ஆயுசுக்கும் இலவசமாக அரம் போட்டுத் தருகிறேன் என்றேன். சுவர் வெறிச்சென்று ஆகிவிடுமே என்று கவலைப்பட்டார். அங்கே ஒரு பூ படத்தை மாட்டுங்கள், நோயாளிகளாவது உட்காருவார்கள் என்றேன். ஒரே மரம் அறுத்த மெஷின், புதுக்கருக்கு மாறாமல் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. சந்தோஷப்படாதீர்கள், அதை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை.

ஓட்டப்போவது நான். சாலையோர மரங்களைக் கழித்துவிடும் வேலையை அவசரம் இனிமேல் செய்ய முடியாதென்று நகரசபையில் சொல்லிவிட்டார். எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். நல்ல மெஷின் ஒன்றும், மரம் தெரிந்த ஆள் ஒருவரும் இருந்தால் தருகிறோம் என்றார்கள். மெஷின் இருக்கிறது. ஒரு மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல, இந்த ஊரில் உங்களைவிட்டால் யார்? அதற்கு விரல் வேண்டாம், கண் போதும். நீங்கள் காட்டுங்கள், நான் அறுக்கிறேன். அதுவும் அரை வேளைதான். மீதி அரை வேளை கடை. உங்களைப் போல வீரம் காட்ட மாட்டேன், என் விரல் எனக்கு வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இன்னும் ஒரு சீசன் என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். எழுதுங்கள். உங்கள் பழைய மெஷினைக் கடைசி ஆணி வரை பிரித்து, ஆறு டப்பாக்களில் போட்டு, மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். நான் சேர்க்கப் போவதில்லை. உங்கள் மெஷின் இங்கே வந்ததும் மேஸ்திரி ஒன்றை இரவல் கொடுத்தாராமே, அதையும் உங்களிடமிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும்படி லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்க வேண்டியதும் அவர்தான். முன்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்புகிறார்.

மகளிடம் விரலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மறைத்தால் உங்கள் மகள் கண்டுபிடித்துவிடுவாள். அழவில்லை. ஸ்டூலின் காலுக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்துவிட்டு, அரத்தை வாங்கி அவளே தேய்த்துச் சமமாக்கினாள். இப்போது ஆடவில்லை. அப்பா வந்ததும் இதில்தான் உட்கார வேண்டும் என்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பேசுகிறேனே தவிர, செயினைத் தடவிப் பார்த்த அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் எதிரில் வந்து நின்றால் போய்விடும்.

வரும்போது அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள், உங்களுக்கு அது நன்றாக இருக்கும். பொத்தான் போட வராவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். திறந்தபடியே வாருங்கள். நான் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஷட்டரை ஏற்றிவைத்துக் காத்திருக்கும்
உங்கள் கடைக்காரி