அசைந்த காடை முட்டை

எழில்,

"நீங்க பல்ப அணைச்சதாலதான் என் ப்ராஜெக்ட் முட்டையெல்லாம் செத்துப்போச்சுப்பா" என்று நேற்று அழுதாயே, அந்தக் காடை முட்டைகளைக் கொட்டிவிடலாம் என்று காலையில் அடைகாக்கும் பெட்டியிலிருந்து எடுத்தேன். உள்ளங்கையில் ஒன்று அசைந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம்! பயத்தில் கீழே போட்டுவிடப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் திரும்ப வைத்து பல்பைப் போட்டிருக்கிறேன். முட்டை ஓட்டை நீ உரிக்காதே, குஞ்சு தானாக வரட்டும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு வை, இல்லாவிட்டால் குஞ்சு மூழ்கிவிடும். இட்லி மூடி வைத்திருக்கிறேன். பரங்கிப்பேட்டை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

அப்பா

எழுதி முடிப்பதற்குள் இன்னொரு முட்டையில் விரிசல்! கரண்ட் போனால் மட்டும் பெட்டியைத் திறந்து வெந்நீர் பாட்டில் வை. இன்று பள்ளிக்கூடம் போக வேண்டாம். மிஸ்ஸிடம் நான் பேசிக்கொள்கிறேன்.